காய்ச்சலுக்குப் பின் வந்த தலைசுற்றல்: வைரஸ் இன்னும் காதுக்குள் இருக்கிறதா?

காய்ச்சலும் சளியும் விட்டு ஒரு வாரம் ஆன பிறகு, ஒரு விடிகாலையில் கண் விழித்தால் அறை மொத்தமும் சுழல்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாந்தி எடுத்திருக்கிறீர்கள். இரண்டு நாள் மருத்துவமனையில் படுக்க வைத்துப் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. காது நன்றாகக் கேட்கிறது. 'வைரஸ் உள்காதைத் தாக்கிவிட்டது' என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. சுழல்வது நின்றுவிட்டது; ஆனால் தலையைச் சட்டென்று திருப்பினால் பார்வை ஒரு நொடி பின்தங்கி வருகிறது, நடந்தால் படகில் நிற்பதுபோல இருக்கிறது. நீங்கள் முக்கியமாகக் கேட்டது மூன்று: வைரஸ் இன்னும் காதுக்குள் இருக்கிறதா, மாத்திரையை எத்தனை நாள் போடுவது, மறுபடி ஸ்கூட்டர் ஓட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போக முடியுமா. இந்த மூன்றுக்கும் அடியில் 'எனக்குள் ஏதோ இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறதா' என்ற பயம்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. நீங்கள் விவரித்திருப்பது உண்மையிலேயே சமநிலை நரம்பின் அழற்சி என்றால், அந்தத் தாக்குதல் முதல் சில நாட்களிலேயே முடிந்துவிட்டது. இப்போது நீங்கள் உணர்வது, மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும் வேலை பாதியில் நிற்பதைத்தான்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பிற்பாதி பெரும்பாலும் தலைசுற்றல் நோயாளிகளோடுதான் கழிந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் கண்ணையும் நடையையும் நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய என்னால் முடியாது. எழுத்தில் வந்த விவரத்தை வைத்து எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவுதான் இது.

நம் ஊரில் இந்த நோய் தப்பான பெயரில் அலைவதற்கு மொழியும் ஒரு காரணம். 'மயக்கமா வருது' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் ஒருவருக்கு அறை சுற்றும், ஒருவருக்குக் கண் இருட்டும், ஒருவருக்கு நடை தள்ளாடும், இன்னொருவருக்கு வெறும் சோர்வு. இந்த நான்கும் வெவ்வேறு இடத்திலிருந்து வருபவை. கேட்கிறவர் இழுத்து விசாரிக்காவிட்டால் எல்லாம் பித்தம் என்றோ, பிரஷர் குறைந்துவிட்டது என்றோ, கழுத்து எலும்புத் தேய்மானம் என்றோ போய்விடும். கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தலையைத் திருப்பாமல் இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குப் பிரச்சினை உள்காதில். பட்டை அவர்கள் தேறுவதைத்தான் தள்ளிப்போட்டது. நீங்கள் 'அறை சுழன்றது, கண்ணை மூடினாலும் நிற்கவில்லை, இரண்டு நாள் விடாமல் இருந்தது' என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே பாதி வழியைக் காட்டிவிடுகிறது.

இரண்டு உள்காதுகளும் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஓய்வதில்லை. அங்கிருந்து கிளம்பும் சமநிலை நரம்புகள், தலை அசையாதபோதும் நொடிக்குப் பல பத்துத் துடிப்புகளை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இடமும் வலமும் சமமாக வந்தால் 'தலை அசையவில்லை' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. இடப்பக்கம் திரும்பினால் இடது கூடும், வலது குறையும். தராசின் இரண்டு தட்டுபோல. அழற்சியால் ஒரு பக்க நரம்பு திடீரென்று அடங்கிவிட்டால் ஒரு தட்டு மட்டும் தாழ்ந்து நிற்கும். தலையணையில் அசையாமல் படுத்திருந்தாலும், நல்ல பக்கத்தை நோக்கித் தலை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதாக மூளைக்குச் செய்தி போகும். அதை நம்பிக் கண்கள் பாதித்த பக்கம் மெல்ல நழுவி, நல்ல பக்கம் வெடுக்கென்று திரும்பும். மறுபடி நழுவும், மறுபடி திரும்பும். அறை சுற்றுவதாகத் தெரிவது இதனால்தான். நடந்தால் உடல் பாதித்த பக்கம் சாயும். வாந்தியும் இதே குழப்பத்தின் விளைவுதான், வயிற்றில் கோளாறு எதுவும் கிடையாது.

கேட்கும் நரம்பும் சமநிலை நரம்பும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினாலும் தனித்தனி. சமநிலை நரம்பு மட்டும் பாதித்தால் வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்கிறோம். காது கேட்பதும் குறைந்து இரைச்சலும் சேர்ந்தால் லேபிரிந்தைட்டிஸ். உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொரு விஷயமும் உண்டு. சமநிலை நரம்பு மேல்கிளை, கீழ்கிளை என்று பிரிகிறது. இந்த நோயில் பெரும்பாலும் அடிபடுவது மேல்கிளை. அது ஓடும் எலும்புக் குழாய் நீளமானது, குறுகலானது. வீங்கிய நரம்புக்கு அங்கே விலக இடமில்லை என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இதெல்லாம் வைரஸ் வேலைதான் என்பது எவ்வளவு உறுதி? இங்கே தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சின்னம்மை வைரஸ் பல வருடம் நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, அக்கியாக மறுபடி கிளம்பும்போது உள்காதைத் தாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. காதுமடலில் கொப்புளம், கடுமையான காதுவலி, ஒருபக்க முகம் கோணுதல், தலைசுற்றல், காது மந்தம் எல்லாம் சேர்ந்து வரும் அந்த நிலையை 1907ல் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறோம். பொன்னுக்கு வீங்கி ஒரு காதின் கேட்கும் திறனை நிரந்தரமாகப் பறிக்கும் என்பதும், தட்டம்மையால் உள்காது கெடலாம் என்பதும் உறுதியானவை. ஆனால் உங்களுக்கு வந்தது போன்ற, காது கேட்பது கெடாமல் சுற்றல் மட்டும் வரும் நோயில் முதல் சந்தேகம் விழுவது, காய்ச்சல் விடும் சமயத்தில் உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் மேல். இறந்தவர்களின் சமநிலை நரம்பு முடிச்சுகளைப் பரிசோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்த வைரஸின் டி.என்.ஏ. இருந்தது. அது உறங்கிக் கிடக்கிறது என்பதற்கு இது சாட்சி. அதுதான் எழுந்து அன்றைக்கு அந்த நரம்பைத் தாக்கியது என்பதற்கு இது சாட்சி ஆகாது. உயிரோடு இருப்பவரின் அந்த நரம்பிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வழியில்லை. அதனால் 'உங்களுக்கு இந்த வைரஸ்' என்று யாராவது பெயர் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தால், அது படித்தவர்களின் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்குப் பிறகும் இதேபோல வந்தவர்கள் உண்டு. ஆனால் அது எத்தனை பேருக்குக் காரணம், எத்தனை பேருக்குத் தற்செயல் என்பது இன்னும் தெளிவாகவில்லை. இந்தச் சந்தேகங்களால்தான், சமநிலைக் கோளாறுகளுக்கான சர்வதேச அமைப்பான பாரானி சங்கம் 2022ல் வெளியிட்ட வரையறையில், 'திடீர் ஒருபக்கச் சமநிலைச் செயலிழப்பு' என்ற பொருளில், காரணத்தைச் சொல்லாத ஒரு பெயரை முன்னால் வைத்தது.

அடுத்ததை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. இதைப் படிக்கும் எல்லோருக்காகவும் எழுதுகிறேன். திடீரென்று வந்து விடாமல் சுற்றும் தலைசுற்றல் சிலருக்கு மூளையின் பின்பகுதியில் ரத்த ஓட்டம் தடைபட்டதாலும் வரும். பார்க்க அப்படியே உள்காது நோய்போல இருக்கும். சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவைக் காட்டும். பின்மூளையில் புதிதாக ஏற்பட்ட அடைப்பைப் பெரும்பாலும் காட்டாது. 'ஸ்கேன் நார்மல், அதனால் காதுதான்' என்ற வாதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. எம்.ஆர்.ஐ.கூட முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் சிலவற்றைத் தவறவிடும். 2009ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கட்டாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் எங்கள் கண்ணைத் திறந்தது. தலையைச் சட்டென்று திருப்பிக் கண் பின்தங்குகிறதா என்று பார்ப்பது, கண் துடிப்பின் திசை மாறுகிறதா என்று பார்ப்பது, ஒரு கண்ணை மூடித் திறக்கும்போது அது மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்ப்பது என மூன்றே சோதனை. கட்டிலருகே ஒரு சில நிமிடத்தில் முடிந்துவிடும். சுற்றல் விடாமல் இருக்கிறவருக்குப் பழகிய கை இதைச் செய்தால், முதல் நாள் எம்.ஆர்.ஐ.யைவிட இது நம்பகமாக இருந்தது. இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு: இப்படி விடாமல் சுற்றும்போது தலைதிருப்பும் சோதனையில் கண் பின்தங்கினால் அது ஆறுதலான செய்தி, பழுது காதுப்பக்கம். கண் பின்தங்காமல் சரியாக நின்றால்தான் பயப்பட வேண்டும். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கம் மரத்துப்போதல், விழுங்க முடியாமை, பிடித்துக்கொண்டால்கூட உட்கார முடியாத தள்ளாட்டம், இதுவரை இல்லாத கடும் தலைவலி, திடீர்க் காது மந்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பித்தம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் வயதானவர்களும் இன்னும் வேகமாகப் போக வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது, இவை எதுவும் இல்லை, படிப்படியாகத் தேறியும் வருகிறீர்கள். அதனால் உங்களைப் பற்றி எனக்கு அந்தக் கவலை குறைவு.

சரி, மாத்திரைக்கு வருவோம். சீட்டில் இரண்டு மாத்திரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள்: சின்னாரிசின், பீட்டாஹிஸ்டின். முதல் நாட்களில் சுற்றலையும் வாந்தியையும் அடக்கும் மருந்து தேவைதான். இல்லாவிட்டால் மனிதர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. ஆனால் சின்னாரிசின், புரோகுளோர்பெராசின் வகை மருந்துகள் சமநிலை அமைப்பை மந்தமாக்கித்தான் நிம்மதி தருகின்றன. மூளைக்குக் 'கணக்கில் தவறு இருக்கிறது' என்ற செய்தி போனால்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தச் செய்தியையே அமுக்கிவிட்டால் திருத்தம் நடக்காது. வாந்தி அடங்கியதும், இரண்டு மூன்று நாளில் நிறுத்திவிட வேண்டியவை இவை. நம் ஊரில் இந்தச் சீட்டை மருந்துக்கடையில் காட்டிக் காட்டி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவரைக் கை நடுக்கத்துக்காக என்னிடம் அழைத்து வந்தார்கள். முகம் உணர்ச்சியில்லாமல் இறுகி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பார்க்கின்சன் நோய் என்று நினைத்துப் பயந்துபோயிருந்தது குடும்பம். பையைக் கவிழ்த்துப் பார்த்தால் எட்டு மாதமாக விடாமல் சின்னாரிசின். நிறுத்திய பிறகு நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது, ஆனால் பல மாதம் பிடித்தது. பீட்டாஹிஸ்டின் அந்த அளவுக்குத் தொந்தரவு தராது; ஆனால் இந்த நோயில் அது பெரிதாக உதவும் என்று சொல்ல வலுவான ஆதாரமும் இல்லை. உங்கள் மருத்துவரிடம் போய், 'ஐந்து வாரம் ஆகிவிட்டது, இவற்றை நிறுத்தலாமா' என்று நேராகக் கேளுங்கள். நிறுத்தும்போது ஒன்றிரண்டு நாள் சுற்றல் கொஞ்சம் கூடுவதுபோலத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள்.

வைரஸைக் கொல்லும் மருந்து கொடுக்காமல் விட்டுவிட்டார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் மைக்கேல் ஸ்ட்ரூப் குழு 141 பேரைப் பிரித்து, ஸ்டீராய்டு, வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, இரண்டும் சேர்த்து, வெறும் போலி மாத்திரை என்று கொடுத்துப் பார்த்து 2004ல் வெளியிட்டது. வைரஸ் எதிர்ப்பு மருந்தால் பலன் இல்லை. ஸ்டீராய்டு வாங்கியவர்களுக்கு ஒரு வருடம் கழித்து அந்தக் காதின் செயல்பாடு கூடுதலாகத் திரும்பியிருந்தது. ஆனால் காதின் அளவீடு தேறுவதும் மனிதர் தேறுவதும் ஒன்றல்ல. ஸ்டீராய்டு வாங்கியவர்கள் அன்றாட வாழ்க்கையில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று பிற்பாடு வந்த மதிப்பாய்வுகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் மூன்று நாளுக்குள் வருகிறவருக்கு, சர்க்கரை போன்ற தடை இல்லாவிட்டால், நான் ஸ்டீராய்டு பற்றிப் பேசுவேன், கட்டாயப்படுத்த மாட்டேன். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அதை நினைத்து வருந்த ஒன்றுமில்லை. அக்கி வகை மட்டும் வேறு கணக்கு. காதில் கொப்புளமும் முகக் கோணலும் தெரிந்தால் வைரஸ் மருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்த்து, முடிந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

உங்களுக்கு இப்போது மருந்து என்றால் அது அசைவுதான். 1940களில் இங்கிலாந்தில் தலைக்காயம் பட்ட படைவீரர்களைக் கவனித்துவந்த காத்தோர்ன், குக்ஸி என்ற இரண்டு மருத்துவர்கள், படுத்தே கிடந்தவர்களைவிடத் தலையை அசைத்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறுவதைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சிகளை வகுத்தார்கள். பின்னாளில் விலங்குகளில் செய்த ஆய்வுகளிலும், ஒருபக்க உள்காது போன பிறகு இருட்டில் வைக்கப்பட்டவையும் அசைய விடாமல் கட்டப்பட்டவையும் தாமதமாகத்தான் தேறின. நீங்கள் செய்ய வேண்டிய அடிப்படைப் பயிற்சி எளிது. ஒரு விசிட்டிங் கார்டில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதிக் கண்மட்டத்தில் கைநீளத் தூரத்தில் பிடியுங்கள். பார்வையை அந்த எழுத்திலேயே நிறுத்தி, 'இல்லை' என்று சொல்வதுபோலத் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம். அப்புறம் 'ஆமாம்' என்பதுபோல மேலும் கீழும் ஒரு நிமிடம். இப்படி ஒரு நாளைக்கு மூன்று தடவைக்குக் குறையாமல், மொத்தம் 12 நிமிடமாவது வர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தவர்களுக்கு 20 நிமிடம். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு கால்களைச் சேர்த்து நின்று, கடைசியில் நடந்துகொண்டே. செய்யும்போது லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் மூளைக்கு வேலை கொடுக்கவில்லை என்று அர்த்தம். முடித்துப் பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் அந்தச் சுற்றல் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள். கழுத்தில் உண்மையான எலும்புப் பிரச்சினை இருந்தால் மட்டும் முதலில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் அருகில் கிடைத்தால் இரண்டு மூன்று தடவை போய்ப் பழகிக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டாலும் வீட்டு வேலையே பயிற்சிதான். வீடு பெருக்குவது, கொடியில் துணி காயப்போடுவது, வாசலில் குனிந்து கோலம் போடுவது எல்லாவற்றிலும் தலையும் கண்ணும் சேர்ந்து அசைகின்றன. உங்கள் வீட்டார் பாசத்தில் இவற்றைச் செய்ய விடாமல் படுக்க வைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். காதில் நீர் விட்டுப் பார்க்கும் சோதனையிலோ தலைதிருப்பும் சோதனையிலோ ஒருபக்கம் மந்தமாகவே இருந்தாலும் மனிதர் நன்றாக இருப்பார். அறிக்கையைப் பார்த்து நோயாளியாகிவிட வேண்டாம். இது திரும்ப வருவது மிக அபூர்வம்: 103 பேரைச் சராசரியாகப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் இரண்டே பேருக்குத்தான் மறுபடி வந்தது. ஆனால் அதே ஆய்வில் 15 சதவீதம் பேருக்கு வேறொன்று வந்தது. படுக்கையில் புரளும்போதோ, மேலே அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றிவிட்டு நிற்கும். உள்காதின் நுண்ணிய கால்சியம் கற்கள் இடம் மாறுவதால் வருவது இது. நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். தலையைச் சில கோணங்களில் வைத்துச் செய்யும் முறையால் பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும், மாத்திரை தேவையில்லை. இன்னொரு விதமான இழுபறியும் உண்டு. காது தேறிய பிறகும், ஜவுளிக்கடைக் கூட்டம், ஓடும் பேருந்தின் ஜன்னல், கைபேசித் திரையை வேகமாகத் தள்ளிப் பார்ப்பது போன்றவற்றில் மிதப்பது மாதிரி மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம். முதல் நாளின் பயத்தில், ஒவ்வோர் அடியையும் கண்ணால் கண்காணிக்க மூளை பழகிவிடுவதால் இது வருகிறது. இதுவும் உண்மையான நோய்தான், கற்பனை கிடையாது. இதற்கும் சிகிச்சை உண்டு. உங்களுக்கு இன்னும் ஐந்து வாரம்தான், இதுதான் வந்துவிட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

கடைசியாக ஸ்கூட்டர். நாள் கணக்கு வைக்காமல் இப்படிச் சோதித்துக்கொள்ளுங்கள். தெருவில் நடந்துகொண்டே தலையை வேகமாக இரண்டு பக்கமும் திருப்பி, கடைப் பெயர்ப்பலகையைத் தடுமாறாமல் படிக்க முடிகிறதா? யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நிற்காமல் திரும்பிப் பார்க்க முடிகிறதா? இரண்டும் முடிந்தால், அதுவும் மந்தம் தரும் மாத்திரை எதுவும் இல்லாமல் ஒரு வாரம் தொடர்ந்து முடிந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் ஓட்டிப் பாருங்கள். இரவிலும் மழையிலும் ஓட்டுவதை இன்னும் சில வாரம் தள்ளிப்போடுங்கள். கண்ணுக்குத் துணை குறையும் இடத்தில்தான் இந்தப் பழுது எட்டிப் பார்க்கும். அதே காரணத்துக்காகக் கிணற்றிலோ ஆற்றிலோ முங்கிக் குளிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். கலங்கிய தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்று சொல்ல உங்களுக்குக் காது மட்டும்தான் உண்டு, அதில் ஒன்று இன்னும் முழுதாகத் தேறவில்லை.